புளியங்குளம் தாண்டி ஐம்பத்திரண்டு நிமிடங்கள்

இரவு 7.08க்கு எங்கள் பஸ் நின்றது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் வழக்கமான பஸ்தான். புளியங்குளச் சந்தியைக் கடந்து சிறிது தூரம் வந்திருப்போம். இரு பக்கமும் காடு. முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "மாடு" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கினார். அவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் இரவு வண்டி ஓட்டுகிற எவரும் முதலில் சொல்லும் சொல் அதுதான். காட்டுத் தரை ஈரமாகிவிட்டால் கட்டாக்காலி மாடுகள் தார்ச்சூட்டைத் தேடி வந்து நடுவீதியில் படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு, கறுத்த வீதி, எதிரே வருகிறவரின் வெளிச்சம் கண்ணில். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

நான் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். எங்கே நின்றாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் உண்டு. அன்றும் கொப்பியின் பின்னட்டையில் 7.08 என்று எழுதிவிட்டு இறங்கி நடந்தேன். பஸ்ஸிலிருந்து விபத்து நடந்த இடம்வரை 430 எட்டுகள். என்னுடைய ஓர் எட்டு முக்கால் மீற்றர். ஆக 320 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். இடையில் 41 வாகனங்கள், மோட்டார் சைக்கிள்களைச் சேர்க்காமல். ஓட்டுநரின் தீர்ப்பு சரிதான். மாட்டை விலத்தப்போன தவிட்டு மூட்டை லொறி ஒன்று முன்சக்கரங்களைக் கிரவலில் இறக்கிவிட்டு, பின்பாதியை வீதியில் வைத்துக்கொண்டு சாய்ந்து நின்றது. பின்னால் வந்த கார் அதன் மூலையில் மோதியிருந்தது. காரோட்டிக்குக் கையில் காயம். 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மாடும் தப்பிவிட்டது, அது வீதியோரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் என்னை உறுத்தியது ஒன்று. லொறி அடைத்திருந்தது எங்கள் பக்கத்துப் பாதையை மட்டும். எதிர்ப்பக்கப் பாதை முழுவதும் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எங்கள் பக்கம் நின்றவர்களில் பொறுமையற்ற பத்துப் பதினைந்து பேர் வலப்புறமாக ஏறி முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் நின்றவர்களும் அதையே செய்துவிட்டார்கள். கார் மூக்கும் கார் மூக்கும் முட்டிக்கொள்ளாத குறை. விபத்து அடைத்தது பாதி வீதியை. மற்றப் பாதியை அடைத்தது நாங்கள்.

வாகன நெரிசலைக் கணக்காகப் பார்க்கும் வழக்கம் 1930களில் தொடங்கியது. 1935இல் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், வீதியோரம் கமெரா வைத்து வாகனங்களைப் படமெடுத்து, நெருக்கம் கூடக் கூட வேகம் குறைவதை ஒரு நேர்கோடாக வரைந்து காட்டினார். வீதியில் ஒரு கிலோமீற்றரில் எத்தனை வாகனம் என்பது நெருக்கம். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கடக்கின்றன என்பது ஓட்டம். வெறும் வீதியில் ஓட்டம் பூச்சியம். நகர முடியாத நெரிசலிலும் ஓட்டம் பூச்சியம். உச்சம் இடையில் எங்கோ இருக்கிறது.

பிறகு 1955இல் லைட்ஹில், விதம் என்ற இரண்டு ஆங்கிலேயக் கணிதவியலாளர்கள் ஒரே தலைப்பின் கீழ் இரு பகுதிகளாக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், முதல் பகுதி வாகனங்களைப் பற்றியதே அல்ல என்பதுதான். அது நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகரும் விதத்தைப் பற்றியது. இரண்டாம் பகுதி நீண்ட, நெரிசலான வீதிகளைப் பற்றியது. அடுத்த ஆண்டு ரிச்சர்ட்ஸ் என்பவர் இவர்களைச் சாராமல் தனியே அதே முடிவுக்கு வந்தார். மூவர் பெயரும் சேர்ந்தே இன்றும் அந்த மாதிரி அழைக்கப்படுகிறது.

வெள்ளத்திலிருந்து வீதிக்கு வந்த கணக்கு என்றால் வன்னிக்காரனுக்கு அது அந்நியமாக இருக்க முடியாது. குளத்தின் துருசுக் கதவை இறுக்கி மூடிய பிறகும் வாய்க்காலின் கடைவயலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திறந்த உடனே அங்கே தண்ணீர் வந்து சேராது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தபோது முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்துச் சனங்களுக்கு இது பாடப்புத்தகமாக இல்லாமல் வீட்டு வாசலிலேயே தெரிந்தது. குளத்தடியில் நடந்தது ஒரு நேரம்; அது வந்து சேர்வது இன்னொரு நேரம். மாற்றம் தனக்கென்று ஒரு வேகத்தில் பயணம் செய்கிறது. வீதியிலும் அப்படியே, ஒரு வேறுபாட்டோடு: நெரிசலில் அந்த அலை வாகனங்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி வருகிறது.

சும்மா சொல்லாமல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் நான் வைத்துக்கொண்டவை. வீதியில் எண்ணி எடுத்தவை அல்ல. சாதாரண இரவில் ஒரு திசையில் நிமிடத்துக்கு 5 வாகனங்கள், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றன என்று வைப்போம். அதாவது மணிக்கு 300, கிலோமீற்றருக்கு 5 வாகனங்கள். நின்றுவிட்டால் பஸ், லொறி, கார் எல்லாம் கலந்து ஆளுக்குப் பத்து மீற்றர், கிலோமீற்றருக்கு 100. வீதி முழுதாக அடைபட்டால் வரிசையின் வால் எவ்வளவு வேகத்தில் பின்னோக்கி வளரும்? ஓட்டத்தின் வித்தியாசத்தை நெருக்கத்தின் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். 300ஐ 95ஆல் வகுத்தால் மணிக்கு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் கிழவரின் வேகம்.

இனி யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் தேருக்கு முதல்நாள் மாலையை எடுங்கள். தெற்கிலிருந்து வான்களும் பஸ்களும் திரண்டு வருகின்றன. நிமிடத்துக்கு 15 என்று வைப்போம். வால் வளரும் வேகம் மணிக்குப் பத்தரை கிலோமீற்றராகிவிடும். கிழவர் சைக்கிளில் ஏறிவிட்டார். வாகனங்கள் மூன்று மடங்கானால் வாலின் வேகமும் மூன்று மடங்காகும் என்று நினைப்போம். அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகிறது.

பாதை திறந்த பிறகு இரண்டாவது அலை ஒன்று புறப்படுகிறது. முதல் வாகனம் நகரும். அதைப் பார்த்து அடுத்தது ஒன்றரை வினாடி கழித்து நகரும். பிறகு அதற்கு அடுத்தது. பத்து மீற்றருக்கு ஒன்றரை வினாடி என்றால் இந்த 'நகரலாம்' என்ற செய்தி மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கி ஓடுகிறது. முதல் அலையை இது துரத்திப் பிடிக்கும் இடத்தில்தான் நெரிசல் செத்துப்போகிறது. சாதாரண இரவில் அரை மணிநேரம் அடைபட்டிருந்தால், திறந்து ஐந்து நிமிடங்களுக்குள் பிடித்துவிடும். தேர் முதல்நாளில் 24 நிமிடங்கள் துரத்த வேண்டும். அதற்குள் வால் ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர் பின்னால் போயிருக்கும்.

அந்தக் கடைசி மனிதரை நினைத்துப் பாருங்கள். லொறியை இழுத்துவிட்டு, பொலிஸாரும் போய், வீதி வெறுமையாகி இருபது நிமிடங்கள் கழித்து, ஒன்பது கிலோமீற்றருக்கு இப்பால் அவர் பிரேக் போட்டு நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் நகரத் தொடங்குகிறது. வழியில் விபத்தின் அடையாளமே இல்லை. வீட்டுக்குப் போய், "ஏன் நின்றோம் என்றே தெரியவில்லை" என்கிறார். அவரை நிறுத்தியது இல்லாமல் போய்விட்ட ஒரு லொறி.

இப்போது அகற்றும் நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கணக்கில் மிகவும் காரமான பகுதி அதுதான். முழு அடைப்பு 30 நிமிடங்கள் நீடித்தால் சாதாரண இரவில் 150 வாகனங்கள் சேரும். திறந்ததும் நிமிடத்துக்கு 30 வெளியேறும், 5 புதிதாக வரும். ஆறு நிமிடங்களில் வரிசை கரையும். ஒரு வாகனம் ஒரு மணிநேரம் நின்றால் அது ஒரு வாகன மணித்தியாலம்; எல்லாருடைய காத்திருப்பையும் கூட்டினால் 45 வாகன மணித்தியாலங்கள். அடைப்பு ஒரு மணிநேரமாக நீண்டால் இரட்டிப்பாகி 90 வரும் என்று என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். வருவது 180. சேரும் வாகனங்களும் இரட்டிக்கின்றன, அவை நிற்கும் காலமும் இரட்டிக்கிறது. நேரம் போகப் போக வரிசையில் எத்தனை வாகனம் என்று வரைந்தால் வரும் முக்கோணத்தின் பரப்பு இது, அவ்வளவுதான். தேர் முதல்நாளில் அதே 30 நிமிட அடைப்பு 225 வாகன மணித்தியாலங்களை விழுங்கும்.

ஆகவே அடைப்பின் கடைசிப் பத்து நிமிடங்களும் முதல் பத்து நிமிடங்களும் ஒரே விலை அல்ல. கடைசிப் பத்து நிமிடங்கள்தான் பொன். எங்கள் வழக்கமோ அதை வாரி இறைப்பது. இலேசான மோதலாக இருந்தாலும் வாகனத்தை அசைக்கமாட்டோம். அசைத்தால் குற்றம் நம் மேல் வந்துவிடும், காப்புறுதிக்காரர் கேள்வி கேட்பார் என்ற பயம். அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் எல்லார் சட்டைப் பையிலும் கமெரா இருக்கிற காலத்தில், சக்கரங்கள் நின்ற இடத்தை நாலு பக்கத்திலிருந்தும் படமெடுத்துவிட்டு, சுண்ணாம்பாலோ செங்கல் துண்டாலோ குறிபோட்டுவிட்டு ஓரம் கட்டுவதை, ஆள் காயப்படாத மோதல்களிலாவது எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்டால் என்ன என்று அந்தக் கொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

வரிசைகளைப் பற்றி எங்களுக்குப் படிப்பிக்க வெளியாள் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் ஏ-9 திறந்ததிலிருந்து 2006இல் மூடியதுவரை ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் நின்ற சனங்கள் நாங்கள். அங்கே வரிசை நகரும் வேகத்தை எந்தச் சமன்பாடும் தீர்மானிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வன்னியில் வாகனம் நின்றால் மூத்தவர்கள் யாரும் பதறுவதில்லை. இளையவர்கள்தான் வலப்பக்கம் ஏறுகிறார்கள்.

இந்தக் கணக்கை வகுப்பில் காட்ட நான் வைத்திருக்கும் கருவி புளியங்கொட்டை. ஜெர்மனியில் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இருவர் 1992இல் வெளியிட்ட மாதிரி அதற்கு மிகப் பொருத்தம். வீதியைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள், ஒரு கட்டம் ஏழரை மீற்றர். ஒவ்வொரு வாகனமும் ஒரு கட்டத்தில். ஒவ்வொரு அடியிலும் நான்கு வேலைகள்: முடிந்தால் வேகத்தை ஒன்றால் கூட்டு, முன்னால் உள்ள வெற்றுக் கட்டங்களுக்கு மேல் வேகம் இருந்தால் குறை, சில நேரம் காரணமே இல்லாமல் ஒன்றைக் குறை, பிறகு நகர். அந்த மூன்றாவது விதிதான் உயிர். மனிதன் தொலைபேசியைப் பார்க்கிறான், கச்சான் உடைக்கிறான், பின்னால் இருக்கும் மனைவியோடு கதைக்கிறான். நாங்கள் அதற்குத் தாயக்கட்டை உருட்டுவோம். ஒன்று விழுந்தால் அந்தக் கொட்டை தடுமாறும். நடுவில் ஒரு கல்லை வைத்தால் விபத்து. இருபது அடிகள் கழித்துக் கல்லை எடுத்தால் அகற்றல். கல் எடுத்த பிறகும் கொட்டைக் குவியல் கலையாமல் மெல்ல மெல்லப் பின்னோக்கி ஊர்வதைப் பிள்ளைகள் தங்கள் விரலாலேயே செய்து பார்ப்பார்கள். கல் இல்லாமலே குவியல் உண்டாவதும் உண்டு. 2008இல் ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீற்றர் வட்டப்பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். எந்தத் தடையும் இல்லாமலே சிறிது நேரத்தில் நெரிசல் அலை ஒன்று முளைத்துப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. என் மாணவன் ஒருவன், "சேர், அப்படியென்றால் மாட்டில் பிழையில்லை" என்றான்.

திரும்ப அந்த இரவுக்கு வருகிறேன். வந்திருந்த இரண்டு பொலிஸாரும் அளவுநாடாவோடு வேலையில் இருந்தார்கள். முட்டிக்கொண்டு நின்றவர்களைப் பின்னுக்கு எடுக்க வைக்க முப்பது நிமிடங்கள் பிடித்தன. பிறகு ஓர் இளைஞர் கையில் டோர்ச்சோடு நியாயம் வழங்கத் தொடங்கினார். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் வரிசை குறையவில்லை. பின்னால் ஹோர்ன் கூடிக்கொண்டே போனது.

அப்போதுதான் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தார். லொறியை இழுக்க அழைக்கப்பட்டவர். சங்கிலி மாட்டும் வேலையை மகனிடம் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு வீதியோர வேம்பில் ஒரு குழையை முறித்தார்.

"தம்பி, ஐந்து ஐந்தாக விட்டால் விடியும். இருபதை விடு. இருபதாவது ஆளிடம் இதைக் கொடு. அந்தப் பக்கம் நிற்கிறவன் குழை வந்து சேராமல் ஒருவரையும் விடக்கூடாது."

"அண்ணை, அந்தப் பக்கத்தார் கத்துவார்கள்."

"கத்தட்டும்."

ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் ஓட்டுநரிடம் டப்லெட் என்ற அனுமதித் தகட்டைக் கொடுத்து அனுப்புகிற அதே முறை. குழை ஒன்றுதான், அது யார் பக்கம் இருக்கிறதோ அவர்களுக்கே வழி. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இருட்டில் இதைவிட நல்ல கருவியை எந்தப் பொறியியலாளரும் அந்த நிமிடத்தில் தந்திருக்க முடியாது.

நான் பஸ்ஸுக்குத் திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் அவருடைய இருபதைச் சோதித்தேன். குறுகலான பகுதி 200 மீற்றர், ஊர்ந்து கடக்கும் வேகம் மணிக்கு 20 என்றால், கடைசி வாகனம் கடந்து முடிய 36 வினாடிகள். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்த 36 வினாடிகள் யாருக்கும் பயனில்லாமல் போகின்றன. மூன்று வினாடிக்கு ஒரு வாகனம் நுழைகிறது என்று வைத்தால், ஐந்து ஐந்தாக விடும்போது ஒரு திசையில் நிமிடத்துக்கு மூன்றுகூடப் போகாது. பத்து பத்தாக விட்டால் நாலரை. வருவது ஐந்து, போவது நாலரை. வரிசை விடியும்வரை வளரும். இருபதாக விட்டால் ஆறேகால். வரிசை கரையத் தொடங்கிவிடும். நாற்பதாக விட்டால் ஏழரைக்கு மேல். எத்தனை எத்தனையாக விட்டாலும் பத்தைத் தாண்டாது, ஆகவே தேர் முதல்நாளில் குழையும் உதவாது, லொறியை இழுத்தால்தான் உண்டு. பத்துக்கும் இருபதுக்கும் இடையில்தான் அன்றைய இரவின் எல்லைக்கோடு கிடந்தது. அவர் அதன் சரியான பக்கத்தில் நின்றார். எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற மனிதர். வெறும் வாய்க்கால் நனைவதற்கே கொஞ்சத் தண்ணீர் செலவாகும், அடிக்கடி முறை மாற்றினால் வயலுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவருக்குக் கால்வழியாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் அவரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய எல்லாரும் முன்னால் ஓடினோம். வாலுக்கு ஒருவரும் போகவில்லை. காட்டுக்குள், இருட்டில், 60இல் வருகிற ஒருவர் முதலில் சந்திப்பது வரிசையின் கடைசி வாகனத்தின் பின்விளக்கை, அதுவும் எரிந்தால். இரண்டாவது விபத்து நடப்பது அங்கேதான். வாலின் வேகத்தைக் கணக்கிடுவதன் உண்மையான பயன் இது: சாதாரண இரவில் ஒருவர் டோர்ச்சோடு பின்னோக்கி நடந்தாலே வாலுக்கு முன்னே போய்க்கொண்டிருக்கலாம். தேர் முதல்நாளில் நடந்து முடியாது, மோட்டார் சைக்கிளில் ஒருவரை அனுப்ப வேண்டும். இதை இப்போதெல்லாம் வகுப்பில் முதலாவதாகச் சொல்கிறேன், முக்கோணத்தின் பரப்புக்கும் முன்னால்.

எங்கள் முறை வந்தபோது மணி 8.00. பஸ் இருபதாவது. சாரக்காரர் வேப்பங்குழையை நடத்துநரிடம் நீட்டினார். ஊர்ந்து போனோம். பாதித் தூரம் போகும்போது இடப்பக்கம் சங்கிலி இறுகும் சத்தமும், பிறகு சக்கரங்கள் கிரவலை அரைக்கும் சத்தமும் கேட்டன. லொறி அசைந்துவிட்டது. மறுமுனையில் நின்றவர்கள் அதைப் பார்த்தவுடனே தங்கள் பாதையில் பாயத் தொடங்கியிருந்தார்கள். குழையை வாங்கிக்கொள்ள ஒருவரும் கை நீட்டவில்லை. நடத்துநர் கதவடியில் அதை வெளியே பிடித்தபடி கொஞ்சத் தூரம் நின்றுவிட்டு, உள்ளே வந்து கண்ணாடிக்கு முன்னால் இருந்த பிள்ளையார் படத்தடியில் வைத்தார்.

முறிகண்டியில் பஸ் வழக்கம்போல நின்றது. ஓட்டுநர் இறங்கித் தேங்காய் உடைத்தார். நான் ஒரு சுருள் கச்சான் வாங்கினேன். நடத்துநர் குழையை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார்.